பெயர் ஒன்று, ஊர் நான்கு: டூரிங் கார் பந்தயத்தில் போர்ச்சுகல் சுற்று

உலக டூரிங் கார் சாம்பியன்ஷிப்பில் சுற்றுகளுக்குப் பெரும்பாலும் நாட்டின் பெயரையே சூட்டினார்கள். அதனால்தான் 'போர்ச்சுகல் பந்தயம்' என்ற பெயர் மாறாமல் இருக்க, போட்டி மட்டும் போர்ட்டோ, எஸ்டோரில், போர்ட்டிமாவ், விலா ரியால் என்று ஊர் ஊராக மாறிக்கொண்டே வந்தது. நகரத் தெருவில் ஓடுவதா, நிரந்தரத் தடத்தில் ஓடுவதா என்ற கேள்விதான் இந்த இடமாற்றங்களின் அடிப்படை.

டூரிங் கார் என்பது நாம் சாலையில் பார்க்கும் காரைப் பந்தயத்துக்கு ஏற்ப மாற்றியமைத்தது. பார்முலா ஒன் கார்களின் சக்கரங்கள் வெளியே தெரியும். இவற்றின் சக்கரங்கள் உடற்கூட்டுக்குள் இருக்கும். அதனால் லேசாக உரசினாலும் தொடர்ந்து ஓட்டலாம். குறுகலான தெருக்களிலும் இந்தப் போட்டி சுவாரசியமாக அமைய இதுவும் ஒரு காரணம்.

போர்ட்டோவில் தொடக்கம்

1987இல் ஒரே ஓர் ஆண்டு நடந்து நின்றுபோன உலக சாம்பியன்ஷிப் 2005இல் மீண்டும் தொடங்கியது. 2007இல் போர்ச்சுகல் அதில் இடம்பெற்றது. போட்டி நடந்த போர்ட்டோ நகரின் பொவாவிஸ்டா தெருத்தடம் பழம்பெருமை கொண்டது. 1958, 1960 ஆண்டுகளில் அங்கே பார்முலா ஒன் பந்தயம் நடந்திருக்கிறது. 1958இல் வென்ற ஸ்டிர்லிங் மாஸ், தகுதி நீக்கத்தை எதிர்நோக்கியிருந்த தன் போட்டியாளர் மைக் ஹாத்தார்னுக்கு ஆதரவாக நடுவர்களிடம் சாட்சி சொன்னார். ஹாத்தார்னின் இரண்டாமிடம் தப்பியது. ஆண்டு முடிவில் மாஸை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஹாத்தார்னே உலக சாம்பியன் ஆனார்.

ஒரு பெருநகரின் முக்கியச் சாலைகளை ஆண்டுதோறும் மூடிவைக்க முடியாது. அதனால் போர்ட்டோவில் 2007, 2009, 2011, 2013 என ஓராண்டு விட்டு ஓராண்டுதான் போட்டி நடந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நிரந்தரத் தடங்கள் கைகொடுத்தன: 2008இல் எஸ்டோரில், 2010இலும் 2012இலும் தெற்கே போர்ட்டிமாவ். 2014ஆம் ஆண்டு அட்டவணையில் போர்ச்சுகலுக்கு இடமே இல்லை.

மலையூர் தந்த மறுவாழ்வு

2015இல் இந்தச் சுற்றை மீட்டது வடக்கு மலைப்பகுதியில் உள்ள சிறிய நகரமான விலா ரியால். 1931 முதலே அந்த ஊரில் பந்தயம் உண்டு. 1991இல் பார்வையாளர்களைப் பலிகொண்ட விபத்துக்குப் பின் பல ஆண்டுகள் அங்கே போட்டி நடக்கவில்லை. பின்னர் சுமார் 4.8 கி.மீ. நீளத்துக்குச் சுருக்கிய தடத்தில்தான் உலக சாம்பியன்ஷிப் வந்து சேர்ந்தது.

மேடும் சரிவுமான இந்தச் சாலையில் இருபுறமும் இரும்புத் தடுப்புகள். முன்னால் செல்பவரை முந்துவது மிகக் கடினம். இதைச் சமாளிக்க 2017இல் 'ஜோக்கர் லாப்' என்ற விதியை ராலிகிராஸ் போட்டிகளிலிருந்து எடுத்து வந்தார்கள். ஒவ்வொரு ஓட்டுநரும் பந்தயத்தில் ஒரு முறை, சற்று நேரம் பிடிக்கும் மாற்றுப் பாதையில் சென்றாக வேண்டும். எந்தச் சுற்றில் அதை எடுப்பது என்ற கணக்கு சரியாக அமைந்தால், சாலையில் முந்த முடியாதவரையும் முந்திவிடலாம்.

ஆபத்து அங்கிருந்து நீங்கிவிடவில்லை. 2018இல் ராப் ஹஃப், மெஹ்தி பென்னானி ஆகியோரின் கார்கள் மோதிக்கொள்ள, பின்னால் வந்த கார்களும் சிக்கிச் சாலையே அடைபட்டது. பந்தயத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

மண்ணின் மைந்தர்

இந்தச் சுற்றின் வரலாற்றில் தவிர்க்க முடியாத பெயர் போர்ட்டோவில் பிறந்த டியாகோ மொன்டேரோ. தமிழ் ரசிகர்களுக்கும் அவர் அறிமுகமானவரே. 2005இல் ஜோர்டான் பார்முலா ஒன் அணியில் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயனுடைய சக ஓட்டுநர் அவர். ஆறு கார்கள் மட்டுமே ஓடிய அந்த ஆண்டின் அமெரிக்கப் பந்தயத்தில் மொன்டேரோ மூன்றாவதாகவும் நரேன் நான்காவதாகவும் வந்தார்கள்.

2016இல் விலா ரியாலின் முதன்மைப் பந்தயத்தை மொன்டேரோ வென்றார். அடுத்த ஆண்டு, புள்ளிப்பட்டியலில் முதலிடத்தில் இருந்தபோது, பார்சிலோனாவில் நடந்த சோதனை ஓட்டத்தில் விபத்துக்குள்ளாகித் தலையிலும் கழுத்திலும் பலத்த காயம் அடைந்தார். பட்டக் கனவு கலைந்தது. ஓராண்டுக்கு மேல் சிகிச்சையிலும் பயிற்சியிலும் கழித்து, 2018 இறுதியில் ஜப்பானில் மீண்டும் காரில் அமர்ந்தார். 2019 ஜூலையில் அதே விலா ரியாலில், சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னிலையில் மறுபடியும் வென்றார். போர்ச்சுகல் சுற்றின் ஆகச் சிறந்த நாள் அதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

இனி என்ன?

கொரோனா காலத்தில் 2021 போட்டி எஸ்டோரிலுக்குப் போனது; 2022இல் விலா ரியாலுக்குத் திரும்பியது. உலக சாம்பியன்ஷிப்பின் தொடர்ச்சியாக வந்த உலகக் கோப்பைத் தொடரே அந்த ஆண்டோடு முடிவுக்கு வந்தது. அதன் இடத்தில் உருவான டிசிஆர் உலகத் தொடர், 2023இல் தன் முதல் சுற்றைப் போர்ட்டிமாவில் நடத்தியது.

நிரந்தரத் தடத்தில் பாதுகாப்பு அதிகம், ஏற்பாடும் எளிது. ஆனால் ஒரு நாட்டின் பெயரைத் தாங்கும் சுற்று அந்த நாட்டு மக்களிடமே செல்ல வேண்டும். தங்கள் தெருவைத் திறந்துவிட்டு, தங்கள் ஓட்டுநருக்காகக் காத்திருக்கும் ஊர்கள் இருக்கும்வரை அந்த வாய்ப்பை அமைப்பாளர்கள் கைவிடக் கூடாது. தடுப்புகளுக்கும் பார்வையாளர் பாதுகாப்புக்கும் கூடுதலாகச் செலவானாலும், அது செய்யத் தகுந்த செலவே.