தெருவே படமானது

கோயில் சுவரில் சாமி படம் இருக்கும். அரண்மனையில் ராஜா ராணி படம் இருக்கும். தெருவில் நடந்து போகிறவர்களை யாராவது பெரிய படமாக வரைவார்களா? ஒரு பெண் வரைந்தார். அவர் பெயர் சோசா ஜோசப்.

பழைய ஊர்

கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் இருக்கிறது. 1990-இல் நாட்டிலேயே முதன்முதலாக முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் இதுதான். இங்குள்ள கொச்சி நகரின் ஒரு பழைய பகுதி மட்டாஞ்சேரி.

மட்டாஞ்சேரி வியாபாரத்தால் வளர்ந்த ஊர். மிளகு, சுக்கு, ஏலக்காய் வாங்கப் பல நாட்டுக் கப்பல்கள் வந்தன. குஜராத்தியர், கொங்கணியர், தமிழர், யூதர் என்று பலர் இங்கே குடியேறினார்கள். 1568-இல் கட்டிய யூதர் கோயில் இன்றும் இருக்கிறது. போர்த்துக்கீசியர் கட்டி, கொச்சி ராஜாவுக்குக் கொடுத்த அரண்மனையும் இருக்கிறது. அதன் சுவர்களில் இராமாயணக் காட்சிகளை அழகாகத் தீட்டியிருக்கிறார்கள்.

அரண்மனைக்கு வெளியே குறுகலான தெருக்கள். பழைய கிடங்குகள். வேலைக்குப் போகிறவர்கள், கடைக்கு வருகிறவர்கள், விளையாடும் குழந்தைகள். இவர்களை யார் வரைவது?

ஓவியர்

சோசா ஜோசப் 1971-இல் பிறந்தார். பம்பை ஆற்றங்கரையில் உள்ள பருமலை அவருடைய ஊர். மாவேலிக்கரையில் உள்ள ராஜா ரவி வர்மா ஓவியக் கல்லூரியில் படித்தார். பிறகு குஜராத்தில் பரோடா பல்கலைக்கழகத்தில் படித்தார். அதன்பின் கொச்சிக்கு வந்தார். மட்டாஞ்சேரியின் அன்றாட வாழ்க்கை அவரைக் கவர்ந்தது.

அவர் எண்ணெயில் குழைத்த வண்ணத்தால் துணியில் வரைகிறார். இந்த வண்ணம் மெதுவாகத்தான் காயும். சரியாக வராவிட்டால் சுரண்டிவிட்டு மறுபடி வரையலாம். அவருடைய படத்தில் ஆண்கள், பெண்கள், குழந்தைகள், விலங்குகள் எல்லாம் கலந்து வருவார்கள். இவர்தான் தலைவர் என்று ஒருவரைக் காட்ட முடியாது. தெருவிலும் அப்படித்தானே?

உலகம் பார்த்தது

2012-இல் கொச்சியில் பெரிய கலை விழா நடந்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடத்துவதற்காகத் தொடங்கிய விழா அது. பல நாட்டு ஓவியர்கள் வந்தார்கள். அங்கே சோசாவின் ஓவியமும் இருந்தது. ‘நாம் யார்?’ என்று கேட்பதுபோல் அதற்குத் தலைப்பு வைத்திருந்தார்.

2018-இல் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரக் கலை விழாவிலும் அவருடைய ஓவியங்கள் இடம்பெற்றன. 2024-இல் லண்டனில் தனிக் கண்காட்சி நடந்தது. அதன் தலைப்பு, ‘பெண்கள்’ என்று பொருள்படும் மலையாளச் சொல். சிறு வயதில் ஊரில் பார்த்த பெண்களின் வாழ்க்கையை அதில் வரைந்திருந்தார்.

ராஜாக்கள் வாழ்ந்த விதம் நமக்குத் தெரிகிறது. அதை எழுதி வைத்தார்கள், வரைந்தும் வைத்தார்கள். உழைக்கும் மக்களின் வாழ்க்கையை யாரும் பதிவு செய்யாவிட்டால் அது மறைந்துபோகும். சோசா அதை மறையாமல் காக்கிறார்.

பேசிப் பாருங்கள்

உங்கள் தெருவைப் படமாக வரைந்தால் அதில் யார் யார் இருப்பார்கள்? அவர்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள்? ஐந்து வரி எழுதுங்கள்.