பெரிய கெம்பஸா, சின்ன கெம்பஸா? படிவம் அனுப்புமுன் பேச வேண்டியவை

அக்கரப்பத்தனைப் பிள்ளை தலவாக்கலையில் ரயில் ஏறினால் ஒரே பாதையில் இரண்டு பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இறக்கத்தில் பேராதனை. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் அங்கே இடம்பெயர்ந்தது. இன்று அதற்கு ஒன்பது பீடங்கள். ஏற்றத்தில் நானுஓயாவைத் தாண்டிப் போனால் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ. 2005இல் உருவான சின்னப் பல்கலைக்கழகம் அது. இவை போக வடக்கே யாழ்ப்பாணமும் வவுனியாவும், கிழக்கே வந்தாறுமூலையும் ஒலுவிலும். உயர்தரப் பெறுபேறு வந்ததும் லயத்தில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “பெரிய கெம்பஸ் கிடைக்குமா?”

இந்தக் கேள்விக்கான விடை பிள்ளையின் இசட் புள்ளியில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி, இணையவழி விண்ணப்பத்தில் பாடநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் எந்த வரிசையில் எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது. நமது நாட்டில் நான்கு இடங்களிலிருந்து அனுமதிக் கடிதம் வந்து, அதில் ஒன்றைப் பொறுக்கி எடுக்கும் வசதி கிடையாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பிள்ளை எழுதிய விருப்ப வரிசையை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. புள்ளி எட்டும் முதல் இடம் எதுவோ, அதைக் கொடுக்கிறது. அதற்குக் கீழே எழுதியவற்றை அது பார்ப்பதில்லை.

மலையகத்தில் பல பிள்ளைகளின் எதிர்காலம் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. “இது உனக்குக் கிடைக்காது, சின்ன இடத்தை முதலில் போடு” என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். பிள்ளையும் போடுகிறது. வெட்டுப்புள்ளிகள் வெளியானதும் பார்த்தால், விரும்பிய பெரிய இடத்துக்கும் புள்ளி போதுமாக இருந்திருக்கிறது. ஆனால் முதல் வரிசையில் எழுதியதுதான் கையில். எட்டாத இடத்தை மேலே எழுதுவதால் கீழே உள்ள வாய்ப்பு குறைவதில்லை. எனவே உண்மையான விருப்பம் எதுவோ அதையே முதலில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த விருப்பம் அடுத்து. பயத்தை வைத்து வரிசை போடாதீர்கள்.

இதோடு சேர்த்துத் தெரிந்திருக்க வேண்டியது மாவட்டக் கோட்டா. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. அந்தப் பதினாறில் நுவரெலியாவும் ஒன்று. கலைப் பிரிவு போன்ற சிலவற்றில் தெரிவு முறை வேறு. கடந்த வருட வெட்டுப்புள்ளியைப் பார்க்கும்போது நுவரெலியா என்ற நிரலைப் பாருங்கள். கண்டியில் படித்த உறவுக்காரப் பிள்ளையின் புள்ளியை வைத்து நம் பிள்ளையை எடை போட வேண்டாம். இந்தக் கோட்டா யாரும் போட்ட பிச்சை இல்லை. தோட்டப் பாடசாலைகளில் விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் இல்லாமல் கழிந்த வருடங்களுக்கு நாடு கொடுக்கும் சிறிய ஈடு. தயங்காமல் பயன்படுத்துங்கள்.

இனிப் பெரியது, சின்னது என்பதற்கு வருவோம். நான் கண்டவரை, பிள்ளை நான்கு வருடம் வாழப்போவது பல்கலைக்கழகத்தில் என்பதைவிட ஒரு துறைக்குள் என்பதே சரி. பேராதனை என்ற பெயர் பெரிது. அங்கேயும் சில துறைகளில் ஒரு பெச்சில் இருப்போர் கொஞ்சப் பேர்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொறியியலோ விவசாயமோ கிடைத்த பிள்ளை இருக்கப் போவது கிளிநொச்சி அறிவியல் நகரில். திருநெல்வேலி வளாகத்தைக் கற்பனை செய்துகொண்டு போனால் ஏமாற்றம்தான். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. மூன்று பீடங்களே உள்ள அந்த இடத்தில் விரிவுரையாளர் பிள்ளையின் பெயரைத் தெரிந்துவைத்திருப்பார். முதல் பாடத்தில் பின்தங்கினால் யாராவது கவனிப்பார்கள். வாய் திறந்து கேள்வி கேட்கத் தயங்கும் பிள்ளைக்கு இது பெரிய துணை.

பெரிய இடத்தின் பலம் வேறு. நூலகம், ஆய்வுகூடம், பழைய மாணவர் தொடர்பு, பல ஊர் பல மொழிப் பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பு. பாதி வழியில் ஆர்வம் மாறினாலும் தெரிவுசெய்யப் பாடங்கள் அதிகம். மறுபக்கம், பெரிய கலைப் பீடங்களில் சிறப்புப் பட்டத்துக்கான இடங்களுக்குப் போட்டி கடுமை. முதலாம் வருடப் புள்ளிகளில் சறுக்கினால் விரும்பிய துறை கைநழுவிப் போகும். ஊவா வெல்லஸ்ஸ போன்ற இடத்தில் ஏற்றுமதி விவசாயம் படிப்பவருக்குத் தேயிலைத் தொழிலும் பாடம். கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளை தேயிலைத் தொழிற்சாலையை நிர்வகிக்கவும் ஆராயவும் கற்பது நமக்குச் சின்ன விடயமா? இடத்தின் அளவைவிடப் பாடநெறியை முன்னால் வையுங்கள். விரும்பிய படிப்பு சின்ன இடத்தில் கிடைத்தால் அதுவே மேல்.

எந்த மொழியில் கற்பிக்கிறார்கள் என்பதையும் கேட்டறியுங்கள். மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் எங்கே போனாலும் ஆங்கிலம்தான். கலைப் பாடங்களை யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் தமிழில் படிக்கலாம்; பேராதனையிலும் தமிழ்மொழி மூலம் இருக்கிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு பாடமும் தமிழில் கிடைக்குமா என்று துறைவாரியாகக் கேட்க வேண்டும்.

“பொம்பளப் புள்ள, தூரம் வேணாம்” என்று சொல்லும் பெற்றோரிடம் நேராகவே பேசுகிறேன். உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது. அதற்காக வந்தாறுமூலையில் கிடைக்கும் நல்ல பாடநெறியை வரிசையிலிருந்தே வெட்டிவிடுவது அநியாயம். தூரத்தைவிட விடுதிதான் முக்கியம். முதலாம் வருடத்தில் விடுதி உறுதியா, பிறகு வெளியே அறை எடுத்தால் மாதம் எவ்வளவு, அங்கே படிக்கும் மலையகப் பிள்ளைகள் யார் என்று விசாரியுங்கள். கிட்ட இருக்கும் பல்கலைக்கழகத்தில் விடுதி கிடைக்காமல் வெளியே அலைவதைவிட, தூரத்தில் வளாகத்துக்குள் இருப்பது பாதுகாப்பு.

பணக் கணக்கையும் பிள்ளையை வைத்துக்கொண்டே போடுங்கள். அரச பல்கலைக்கழகத்தில் முதற்பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் இல்லை. செலவு சாப்பாடு, அறை, பயணம், தாள் பிரதி ஆகியவற்றில்தான். 1981இல் தொடங்கிய மஹாபொல நிதியத்தின் உதவித்தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், மாணவர் உதவுதொகை 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் மஹாபொல என்பது அப்போது ஐந்தரை நாள் பேர்ச் சம்பளமாக இருந்தது. மாதம் முழுதுக்கும் அது போதாது. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாக இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் தரும் புலமைப்பரிசிலும் இருக்கிறது. வருமானச் சான்றுக்குக் கிராம உத்தியோகத்தரிடம் கடைசி நாளில் ஓட வேண்டாம். பெறுபேறு வந்தவுடனேயே பத்திரங்களைத் தயார்செய்யுங்கள்.

பகிடிவதை பெரிய இடத்திலும் உண்டு, சின்ன இடத்திலும் உண்டு. 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த வருடம் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன்படி பகிடிவதை குற்றம். இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. கடுங்காயமோ பாலியல் துன்புறுத்தலோ நடந்தால் பத்து வருடம் வரை போகும். “எல்லாரும் பட்டதுதானே, பொறுத்துக்கோ” என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். பல்கலைக்கழகத்திலோ, மானியங்கள் ஆணைக்குழுவிலோ, பொலிஸிலோ முறையிடலாம். பிள்ளை வீட்டுக்கு எடுக்கும் அழைப்பில் குரல் மாறினால் அன்றைக்கே கேளுங்கள்.

புள்ளி கிடைக்காத வீடுகளைத் தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். நகரத்து மாடியில் இரண்டு அறையை வைத்துக்கொண்டு “கெம்பஸ்” என்று பெயர்ப்பலகை மாட்டியிருப்பார்கள். காசு கட்டுமுன் ஒரு கேள்வி போதும்: பட்டத்தை வழங்குவது யார்? உள்நாட்டு நிறுவனம் என்றால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் பட்டம் வழங்க அங்கீகாரம் பெற்றதா என்பதையும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால் மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா என்பதையும் ஆணைக்குழுவிடமே கேளுங்கள். தோட்டு நகையை அடகுவைக்குமுன் இதைச் செய்யுங்கள்.

அநியாயம் நடந்தால் வழி இருக்கிறது. விடைத்தாள் மீள்பரிசீலனைக்கும், தெரிவில் பிழை என்றால் ஆணைக்குழுவிடம் மேன்முறையீட்டுக்கும் குறித்த நாட்கள் உண்டு, தவறவிட்டால் போனதுதான். ஒரு துறையில் எத்தனை விரிவுரையாளர், எத்தனை பேருக்கு விடுதி என்று பல்கலைக்கழகத்திடமே 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தமிழில் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அடிப்படை உரிமை மீறல் என்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம். இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2011 உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிக் கணிப்பை எதிர்த்து மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். 2012இல் உயர் நீதிமன்றம் அந்தக் கணிப்பையே இரத்துச் செய்தது.

ஓர் எச்சரிக்கை: ஒரு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துவிட்ட பிள்ளைக்கு அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கும் வழி பெரும்பாலும் அடைபடும். “இப்போதைக்குப் போய்ச் சேரு, பிறகு பார்க்கலாம்” என்று அனுப்புமுன், கையேட்டில் அந்தப் பகுதியை வாசியுங்கள். கையேடு தமிழிலும் வருகிறது.

பெற்றோரே, கொமியூனிகேஷன் கடைக்காரரிடம் கடவுச்சொல்லையும் கொடுத்து வரிசையையும் அவரே போடட்டும் என்று விட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தை அனுப்புமுன் ஒரு மாலை பிள்ளையோடு உட்காருங்கள். நினைத்திருக்கும் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே படிக்கும் நம் ஊர் அக்காவையோ அண்ணனையோ தொலைபேசியில் பிடித்துக் கேளுங்கள். முதலிடத்தில் எதை எழுதுவது என்பதைப் பிள்ளையே முடிவுசெய்யட்டும்.