பெல்ட்டில் தொங்கும் எடை

ராயப்பேட்டை ஜிம்களில் இடுப்பு பெல்ட்டில் இரும்பு பிளேட்டைத் தொங்கவிட்டு புல்-அப்ஸ் எடுக்கும் நம் பிள்ளைகளைப் பார்க்கிறோம். தன் உடல் எடை அளவுக்கே கட்டி எடுக்க வேண்டும் என்பது பலரின் ஆசை. நல்ல ஆசைதான்; அதை ஆறே மாதத்தில் முடிக்க நினைப்பதுதான் எங்களுக்குக் கவலை.

கணக்குப் போடுவோம். 65 கிலோ உள்ள இளைஞர் இப்போது 10 கிலோ கட்டுகிறார். மாதம் 1.25 கிலோ கூட்டினால் 65 கிலோவை எட்ட 44 மாதம் ஆகும். அன்று கைகள் இழுப்பது மொத்தம் 130 கிலோ! தசை சீக்கிரம் பலம் பெறும். அதை எலும்போடு பிணைக்கும் தசைநாண் மெதுவாகத்தான் பலப்படும். அவசரப்பட்டால் முழங்கையும் தோளும் கெடும். மூட்டை இறக்கிச் சம்பாதிக்கும் பிள்ளைக்கு அது கூலி இழப்பு.

வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். பின்பு தேசியப் போட்டியில் 194 கிலோவுக்கு முயன்றபோது தொடையில் காயம். 2018 கோல்டு கோஸ்டில் அவர் தூக்கியது 317 கிலோ. 11 கிலோ குறைவு, அதுவும் தங்கம்தான்.

நோன்பு மாதத்தில் எடை கூட்ட வேண்டாம், பழைய எடையே போதும். தாய்மார்களே, தண்ணீர்க் குடத்தைத் தூக்க மகன் தயங்கினால் முழங்கை வலிக்கிறதா என்று கேளுங்கள். அவனாகச் சொல்ல மாட்டான்.