சத்தம் கேட்டது, பாட்டுக் கேட்கவில்லை

கல்முனைக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் மீனவர் ஒருவரிடம், “எந்த வலை சிறந்தது?” என்று வினவிப் பாருங்கள். அவர் நம்மை வியப்போடு நோக்குவார். எந்த மீனுக்கு, எந்தப் பருவத்துக்கு என்று கூறாமல் வலையின் சிறப்பைப் பற்றிப் பேசுவது அவருக்குப் பேதைமையாகவே தோன்றும். இசைக்கருவி வாங்கப் புறப்படும் நம் இளைஞர்களோ பெரும்பாலும் இத்தகைய வினாவோடுதான் கடைப்படி ஏறுகிறார்கள். “எந்தக் கிற்றார் சிறந்தது? எந்த அம்பிளிபயர் பெரியது?”

பிறரைப் பழிப்பதற்காக இதனை எழுதவில்லை. அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் தமிழ் கற்ற மாணவர் நால்வர் ஓர் இசைக்குழு அமைத்தனர். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களைச் சேர்ந்தவர்கள். நம் பகுதிக் கவிஞர்களின் வரிகளுக்கு மெட்டமைத்து மேடையில் பாட வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. ஒருவனுடைய காக்கா கட்டாரிலிருந்து அனுப்பிய பணமும், இன்னொருவனுடைய உம்மா தறியில் நெய்து சேர்த்த பணமும் முதலாயின. இளமையில் சிறிது காலம் கிற்றார் பழகியவன் என்பதால் என்னிடம் ஆலோசனை கேட்க வந்தார்கள்.

“சேர், பழைய அம்பிளிபயர் ஒன்டு வந்திருக்கு. நூறு வாற். எடுப்பமா?”

“பெரிதாக இருப்பது நல்லதுதானே, எடுங்கள்” என்றேன். ஆசிரியர்கள் ஆராயாமல் கூறும் விடைகளும் மாணவர்க்கு வேதவாக்காகிவிடுகின்றன!

பெருநாளை அடுத்த ஓரிரவு, கடற்கரைத் திடலில் அரங்கேற்றம். கிற்றார் முழங்கிற்று, ஒலிபெருக்கி ஊளையிட்டது, முன்வரிசைச் சிறுவர்கள் காதைப் பொத்திக்கொண்டனர். பாடகனின் வாய் அசைவது தெரிந்தது. சொல் ஒன்றேனும் விளங்கவில்லை. மூன்றாவது பாட்டின் நடுவே, கிற்றாரை ஏந்தியபடி ஒலிவாங்கியை நெருங்கிய இளைஞன் அலறிப் பின்வாங்கினான். அவன் உதட்டில் மின்சாரம் தாக்கியிருந்தது. நிகழ்ச்சி அத்துடன் நின்றது.

மறுநாள் காலை, வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என்னை அழைத்துச் சொன்னார்: “சத்தம் நல்லாக் கேட்டிச்சு, சேர். பாட்டுத்தான் கேக்கல்ல.”

அந்த இரு வாக்கியங்களும் பல நாள் என் உறக்கத்தைக் கெடுத்தன.

கிற்றார் நம் கரைக்கு அந்நியமானதன்று. இங்கிருந்து வடக்கே நாற்பது கிலோமீற்றர் அளவில் உள்ள மட்டக்களப்பிலே, போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் தம் திருமண வீடுகளில் வயலினோடும் கிற்றாரோடும் கப்ரிஞ்ஞா ஆடிப் பாடி வந்திருக்கின்றனர். பின்னர் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் அந்தத் துள்ளலைத் தமிழ்ப் பொப் பாடலாக்கி நாடெங்கும் பரப்பினர். ஆயினும், இயல்பிலே கிற்றார் மென்குரல் உடையது. பெரிய நடனக் குழுக்களில் ஊதுகருவிகளுக்கிடையே அதன் ஒலி அமுங்கிப் போனமையாலேயே, 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜோர்ஜ் போஷாம் முதலியோர், எஃகுக் கம்பியின் அதிர்வைக் காந்தத்தின் துணையால் மின்னோட்டமாக மாற்றும் வழியைக் கண்டனர். நலிந்த குரல் பிற குரல்களோடு சமமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காகப் பிறந்த கருவி அது. பிற குரல்களை அடக்குவதற்காக அன்று.

வாற் என்னும் எண் நம்மை மயக்குகிறது. பத்து வாற் கருவிக்குப் பதிலாக நூறு வாற் கருவியை வைத்தால் ஒலி பத்து மடங்காகும் என்று நினைக்கிறோம். உண்மையில் பத்து டெசிபெல் கூடும். அது செவிக்கு ஏறத்தாழ இரு மடங்காகவே படும். ஐம்பதுக்கும் நூறுக்கும் உள்ள வேறுபாடு மூன்று டெசிபெல் மாத்திரமே. 1965 ஆகஸ்ட் 15இல் நியூயோர்க் ஷே விளையாட்டரங்கில் பீற்றில்ஸ் குழுவினர் 55,000க்கு மேற்பட்டோர் முன் பாடியபோது நூறு வாற் அம்பிளிபயர்கள் இருந்தன. இரசிகர்களின் கூச்சலிலே, தாம் பாடுவது தமக்கே கேளாத நிலைதான் அவர்களுக்கு வாய்த்தது.

இனி, நம் ஊருக்கே திரும்புவோம். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற நாட்களில் பக்கீர் பாவாக்கள் றபான் கொட்டிப் பாடுவதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அங்கே சொல் எழும்போது றபான் தணிகிறது. சொல் ஓயும் இடத்தில் ஓங்குகிறது. கூட்டத்தின் ஓரத்தில் நிற்பவனுக்கும் பாட்டின் பொருள் எட்டுகிறது. இந்தப் பாடம் கண்முன்னே இருக்க, நாங்கள் வாற் கணக்கில் மயங்கியிருந்தோம்.

இரண்டாம் முறை மாணவர்களை என் வீட்டுக்கு அழைத்தேன். கருவியின் பெயரை ஒருவரும் உச்சரிக்கக்கூடாது என்றேன். முதலில் மேடையைப் பற்றிப் பேசினோம். எத்தனை பேர் வருவர்? மண்டபமா, திறந்த வெளியா? மண்டபத்தில் சுவர்கள் ஒலியைத் திருப்பித் தருகின்றன. கடற்கரையில் அவ்வாறு திருப்பித் தர எதுவுமில்லை. தூரம் இரட்டிக்க, ஒலி ஆறு டெசிபெல் குறைகிறது. எஞ்சியதைக் காற்று அலைக்கழிக்கிறது. ஆகவே கிற்றாரின் அம்பிளிபயரைக் கொண்டு திடல் முழுவதையும் நிரப்ப முயல்வது வீண். அந்த வேலை பொது ஒலிபெருக்கிக்கு உரியது. சிறிய அம்பிளிபயரின் முன் ஓர் ஒலிவாங்கியை வைத்துவிட்டால் போதும். கிற்றார் ஒலிபெருக்கியின் கூர்மையான ஓசை நேர் முன்னேயே பாய்கிறது. பெட்டியை நிலத்தில் வைத்தால் வாசிப்பவனின் முழங்காலுக்கு அது கேட்கும், செவிக்குக் கேட்காது. கேட்கவில்லையென்று அவன் மேலும் கூட்டுவான், முன்வரிசையினர் துன்புறுவர். பெட்டியைச் சாய்த்து அவன் முகத்தை நோக்க வைத்தால் அவனாகவே குறைப்பான்.

அடுத்து மின்சாரம். எங்கள் அம்பிளிபயரின் மூன்று முனைச் செருகியில் எர்த் முனையை நாங்களே வெட்டி, இரு முனைத் துளையில் பொருத்தியிருந்தோம். கிற்றாரின் கம்பி அம்பிளிபயரின் உலோகச் சட்டத்தோடு இணைந்தது. ஒலிவாங்கி இன்னொரு கருவியின் சட்டத்தோடு இணைந்தது. ஒன்றில் நிலத்தொடுப்பு இல்லையேல், கைக்கும் உதட்டுக்கும் இடையே மனித உடலே கம்பியாகிவிடும். 1972 மே 3இல் வேல்சின் சுவான்சி நகரில், லெஸ்லி ஹாவி என்னும் கிற்றார் கலைஞர், நிலத்தொடுப்பில்லாத ஒலிவாங்கியைத் தொட்டு, இவ்வாறே உயிரிழந்தார். அவருக்கு வயது இருபத்தேழு. எங்கள் இளைஞன் பிழைத்தது எங்கள் அறிவினாலன்று, இறைவன் அருளால். வேறு நாட்டிலிருந்து வரும் பழைய கருவியாயின் அதன் வோல்ற்றையும் பார்க்க வேண்டும். யப்பானில் 100, அமெரிக்காவில் 120, நம் நாட்டில் 230. பார்க்காமல் செருகினால் புகைதான் எழும்.

வால்வு அம்பிளிபயரா, ட்ரான்சிஸ்டரா என்பது அடுத்த வழக்கு. வால்வின் ஒலி இனிமையில் எனக்கும் மோகமுண்டு. ஆனால் கண்ணாடி வால்வுகள் குலுங்கும் லொறிப் பயணத்தை விரும்புவதில்லை. பழுதானால் நம்மூரில் மாற்று வால்வு தேடுவது எளிதன்று. நன்கு அமைந்த ட்ரான்சிஸ்டர் கருவி இலேசானது. வானொலி திருத்தும் கைகளுக்கே அடங்குவது. அதனையே தேர்ந்தோம்.

கிற்றாரைத் தெரிவு செய்தது இறுதியில்தான். உள்ளே வெற்றிடமுள்ள கிற்றார் உரத்த ஒலிபெருக்கியின் அருகே ஊளையிடும். கட்டையுடல் கிற்றாருக்கு அத்தொல்லை மிகக் குறைவு. ஒற்றைச் சுருள் ஒலியேற்பி மின்கம்பிகளின் இரைச்சலையும் சேர்த்து ஏற்கும். 1955இல் கிப்சன் நிறுவனத்தின் ஸெத் லவர் வகுத்த இரட்டைச் சுருள் அமைப்பு அந்த இரைச்சலை வெட்டிவிடுகிறது. ஜெனறேற்றரும் குழல்விளக்கும் சூழ்ந்த நம் மேடைகளுக்கு அதுவே பொருந்தும். மரமும் பருவம் அறியும். கச்சான் வீசும் மாதங்களில் வறண்டு சுருங்குகிறது. வாடை மழையில் ஈரம் குடித்து ஊதுகிறது. எனவே உறுதியான பெட்டியொன்று அவசியம். உப்புக்காற்றில் எஃகுக் கம்பி விரைவில் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பதே மலிவான மருந்து.

நூறு வாற் பெட்டியை விற்றோம். அந்தப் பணத்தில் முப்பது வாற் அம்பிளிபயர் ஒன்றும், பாடகனுக்கு நல்ல ஒலிவாங்கி ஒன்றும், தரமான மூன்று முனை நீட்டுக்கம்பியும் வாங்க முடிந்தது. உதட்டில் மின்சாரம் பட்டவன் மீண்டும் ஒலிவாங்கியை நெருங்க இரு மாதங்கள் சென்றன. ஒவ்வோர் ஒத்திகையிலும் நான் முதலில் அதனைத் தொட்டுக் காட்டிய பின்னரே அவன் பாடினான்.

அடுத்த ஆண்டு, அதே திடலில் மீண்டும் பாடினார்கள். குழுவிலே இம்முறை றபானும் சேர்ந்திருந்தது. கிற்றார், பாட்டுக்கு வழிவிட்டு ஒலித்தது. நிகழ்ச்சி முடிந்து கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, அந்த முதியவர் மேடையருகே வந்தார். புகழ்வார் என எதிர்பார்த்தோம். அவர் புகழவில்லை. இரண்டாம் பாட்டின் நடுவே வந்த ஓர் அடியைத் தாமே ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு,

“இத எழுதினது ஆரு, மகன்?” என்று கேட்டார்.