சிரிக்க வைத்த இரு சிப்பாய்கள்

போர் என்றதும் பீரங்கி முழக்கமும் வெற்றிக் கொடியும் நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. சேற்றுக் குழியில் நனைந்தபடி இரவைக் கழிக்கும் சாதாரணச் சிப்பாயை நினைப்பவர் சிலரே. அவனை உலகம் நினைக்கும்படி செய்தவர் ஒரு கேலிச்சித்திரக்காரர். அவர் பெயர் பில் மால்டின்.

1921-ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பிறந்த இவர், 1940-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். 1943-இல் 45-ஆம் காலாட்படைப் பிரிவுடன் சிசிலித் தீவில் இறங்கி, பின் இத்தாலிக்குச் சென்றார். 'ஸ்டார்ஸ் அண்டு ஸ்ட்ரைப்ஸ்' என்ற ராணுவப் பத்திரிகையில் அவர் வரைந்த வில்லி, ஜோ என்னும் இரு சிப்பாய்கள் புகழ் பெற்றனர். மழிக்காத முகம், கசங்கிய உடை, தூக்கமில்லாத கண்கள்! வீரவசனம் பேசவே மாட்டார்கள்.

ஒரு சித்திரத்தில், முந்திய நாள் தன் உயிரைக் காத்த தோழனுக்கு நன்றியாக, ஒரு சிப்பாய் தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரே ஒரு ஜோடி உலர்ந்த காலுறையைக் கொடுக்கிறான். உயிருக்கு ஈடு காலுறையா என்று நாம் சிரிக்கிறோம். ஆனால் ஈரத்திலேயே நாட்கணக்கில் நின்றால் கால் அழுகிவிடும் என்பதை அறிந்தவர்களுக்கு அது பொன்னினும் பெரிய பரிசு. சிரிப்புக்குள் இருக்கும் வலி இதுதான்.

அழுக்கான சிப்பாய்களை வரைந்தால் படையின் ஒழுங்கு கெடும் என்று தளபதி பேட்டன் சினந்தார். 1945 மார்ச்சில் மால்டினை நேரில் அழைத்துக் கண்டித்தார். ஆயினும் சித்திரங்கள் தொடர்ந்து வந்தன. அதே ஆண்டில், 23 வயதில், மால்டின் புலிட்சர் பரிசு பெற்றார்.

இச்சித்திரங்களைத் தழுவி 1951-இல் 'அப் ஃப்ரண்ட்' என்ற நகைச்சுவைத் திரைப்படம் வெளிவந்தது. அலெக்சாண்டர் ஹால் இயக்க, டாம் யூவெல் வில்லியாகவும் டேவிட் வேய்ன் ஜோவாகவும் நடித்தனர். சித்திரத்துக்குக் கதை தேவையில்லை. ஒரு முகமும் ஒரு வரியும் போதும். படத்துக்கோ ஒன்றரை மணி நேரக் கதை வேண்டும். எனவே நேப்பிள்ஸ் நகரில் இருவரும் படும் அவதிகளே கதையாயின. கலகலப்பு கூடியது, சேறும் களைப்பும் குறைந்தன. சித்திரங்களை அறிந்து படத்தைப் பார்ப்பவருக்கே அதன் சிரிப்பு முழுமையாக விளங்கும்.

மாணவியரே! அந்த இத்தாலியப் போர்முனை நமக்கு அந்நியமானதன்று. புனித ஆசீர்வாதப்பர் நிறுவிய மோன்டே கசினோ மடம் 1944 பிப்ரவரி 15 அன்று குண்டுவீச்சில் இடிந்தது. அந்த மலைக்காக 4-ஆவது இந்தியப் படைப்பிரிவும் போரிட்டது. ஒன்பது நாட்களுக்குப் பின், அப்பகுதியிலுள்ள மின்யானோ அருகே, மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன், கண்ணிவெடி ஒன்றின்மேல் தம் உடலையே கிடத்தித் தம் தோழர்களைக் காத்து உயிர்நீத்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது.

இத்தகைய தியாகம் நடந்த களத்தைப் பார்த்துச் சிரிக்கலாமா? சிரிப்பில் இரு வகை உண்டு. பிறர் துன்பத்தை இகழும் சிரிப்பு பாவம். துன்பத்தில் இருப்பவரே, மனம் உடைந்துவிடாமல் இருக்கத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் சிரிப்பு ஆறுதல். மால்டின் அச்சிப்பாய்களுள் ஒருவராக இருந்து வரைந்தார். ஆதலால் அவர்களே அதை முதலில் ரசித்தார்கள்.

நம் தொப்பம்பட்டிப் பக்கத்திலும் 'பட்டாளத்தார் வீடு' என்று ஊரார் சொல்லும் வீடு இருந்தால், அங்குள்ள தாத்தாவிடம் சென்று கேளுங்கள். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று கேட்காதீர்கள். என்ன சாப்பிட்டீர்கள், எங்கே தூங்கினீர்கள், எதற்குச் சிரித்தீர்கள் என்று கேளுங்கள். போரின் உண்மையும் சமாதானத்தின் அருமையும் அப்போது விளங்கும்.