அல்பாமா
அல்பாமா என்பது போர்த்துகல் தலைநகர் லிஸ்பனில், புனித ஜார்ஜ் கோட்டைக்கும் தேகசு ஆற்றுக்கும் இடைப்பட்ட சரிவில் அமைந்துள்ள பழமையான குடியிருப்புப் பகுதி ஆகும். வெந்நீரூற்று அல்லது குளியலிடம் எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து இப்பெயர் தோன்றியது.

1755 நவம்பர் 1 அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்தில் நகரின் பெரும்பகுதி அழிந்தது. அருகிலுள்ள பைஷா பகுதி அதன்பின் நேரான தெருக்களுடன் மீளமைக்கப்பட்டது. பெருமளவு தப்பிய அல்பாமாவிலோ குறுகிய சந்துகளும் படிக்கட்டுகளும் நிலைத்துள்ளன. எனவே இவ்விரு பகுதிகளையும் நடந்து காணும் பயணிகள், நிலநடுக்கத்திற்கு முந்திய நகரமைப்பையும் பிந்திய நகரமைப்பையும் ஒப்பிட்டு அறியலாம். பாடோ இசைக்கான அருங்காட்சியகம் 1998 இல் இங்கு திறக்கப்பட்டது.

சுற்றுலாப் பயணிகளுக்கான குறுகியகால வாடகை வீடுகள் பெருகியதால், நெடுங்காலமாக வாழ்ந்த பலர் வெளியேற நேர்ந்தது. இதனால் 2018 இல் மாநகராட்சி அல்பாமாவில் அத்தகைய வீடுகளின் புதிய பதிவுகளை இடைநிறுத்தியது.