மோதிரம் இறுகுதா? மூக்குக்குப் பின்னால் ஒரு பட்டாணியைக் கவனியுங்கள்!

கல்யாணத்தில் போட்ட மோதிரம் இப்போது விரலில் ஏற மாட்டேன் என்கிறது. ஏழாம் நம்பர் செருப்பு போட்டவர் ஒன்பதாம் நம்பர் கேட்கிறார். "வசதி வந்திடுச்சு, உடம்பு போட்டிருச்சு" என்று வீட்டில் கேலி பேசுகிறார்கள். இன்னொரு வீட்டில், கைக்குழந்தை இல்லாத பெண்ணுக்கு மார்பில் பால் கசிகிறது. மாதவிலக்கு வந்து ஆறு மாதமாகிறது. வெளியே சொல்லக் கூச்சம். மூன்றாவது வீட்டுப் பெரியவர் வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டே நடக்கிறார். ரெண்டு தடவை மூக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று, பலனில்லை.

இந்த மூவருக்கும் கோளாறு ஒரே இடத்தில் இருக்கலாம். அந்த இடம் ஒரு பட்டாணி அளவுதான். எடை ஏறத்தாழ அரை கிராம். பெயர் பிட்யூட்டரி சுரப்பி.

எங்கள் நல்லூருக்குப் பக்கத்து நகரமான விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போனது. அங்கே செய்யும் சின்ன அகல் விளக்கு ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். தலையின் நட்டநடுவே, மூளைக்கு அடியில், எலும்பிலேயே அந்த மாதிரி ஒரு குட்டிக் குழி இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்திருக்கிறது இந்தப் பட்டாணி. அதற்கு மேலே இரண்டு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடம். இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள். கீழே எலும்புக்குள் ஒரு காற்றறை. அதற்கு முன்னால் மூக்கு. இந்த அக்கம்பக்கத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் நோயும் புரியும், வைத்தியமும் புரியும்.

கபம் இல்லை, கட்டளை!

தமிழில் இதற்குக் 'கபச் சுரப்பி' என்று ஒரு பெயர் உண்டு. சித்த வைத்தியர்கள் சொல்லும் வாதம், பித்தம், கபத்தில் இருந்து வந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். மூளையில் உண்டாகும் சளி இந்தச் சுரப்பி வழியாக மூக்குக்கு இறங்குகிறது என்று பழைய கிரேக்க மருத்துவர் காலன் நம்பினார். 'பிட்யூட்டா' என்றால் லத்தீனில் சளி. அது சரியல்ல என்று 17-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

உண்மையில் இது சளி அனுப்பும் சுரப்பி அல்ல, உத்தரவு அனுப்பும் சுரப்பி. தைராய்டு, சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல், பெண்ணின் சினைப்பை, ஆணின் விரை எல்லாம் இதன் சொல் கேட்டு வேலை செய்பவை. பிள்ளை வளர்வதும், தாய்க்குப் பால் சுரப்பதும், சிறுநீர் அளவாகப் போவதும் இதன் பொறுப்பு. அதனால்தான் இது கெட்டால் நோய் தலையில் தெரியாமல் கையில், முகத்தில், கர்ப்பப்பையில், கண்ணில் தெரிகிறது. குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு டாக்டராகத் தேடி அலைகிறது.

மூன்று வழியில் தொல்லை

பிட்யூட்டரியில் வரும் கட்டி என்றதும் 'கேன்சர்' என்று கலங்காதீர்கள். பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தால் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இங்கே ஒரு சிறு முடிச்சு தெரியும். அதில் பல ஒன்றும் செய்யாது. டாக்டர் சொன்னபடி கண்காணித்தால் போதும். தொல்லை தருபவை மூன்று வழியில் வரும்.

முதல் வழி, ஹார்மோன் அதிகமாவது. வளர்ச்சி ஹார்மோன் அதிகமானால் பெரியவர்களுக்குக் கை, கால், தாடை பெருக்கும். பல் இடைவெளி விடும். வியர்வை, குறட்டை, சர்க்கரை, ரத்த அழுத்தம் கூடும். பிரெஞ்சு மருத்துவர் பியர் மரீ 1886-இல் இதற்கு 'அக்ரோமெகலி' என்று பெயர் வைத்தார். மெதுவாக வருவதால் தினமும் பார்க்கிற வீட்டாருக்குத் தெரியாது. பத்து வருஷத்துக்கு முந்தைய போட்டோவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெரியும்.

பால் சுரக்கும் ஹார்மோனான புரோலாக்டின் அதிகமானால் மாதவிலக்கு நிற்கும், கரு தங்காது, பால் கசியும். ஆண்களுக்கு ஆசை குறையும். "ஐயா, விலக்கு வர்றதுக்கு ஒரு கஷாயம் குடுங்க" என்று கேட்டு வருகிற பெண்களிடம் நான் முதலில் கேட்பது, "ஏம்மா, மார்பில பால் கசியுதா? தலைவலி இருக்கா? வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறியா?" என்றுதான். சில வாந்தி மாத்திரைகளும், சில மனநல மாத்திரைகளும், தைராய்டு குறைவும்கூட புரோலாக்டினை ஏற்றும். அதையெல்லாம் பார்த்த பிறகுதான் கட்டியைப் பற்றிப் பேச வேண்டும். கட்டியே என்றாலும் இந்த வகைக்குப் பெரும்பாலும் கத்தி வேண்டாம். வாரத்துக்கு ஓரிரு முறை சாப்பிடும் காபர்கோலின் மாத்திரையிலேயே கட்டி சுருங்கும். டாக்டர் சொல்லும்வரை மாத்திரையை விடக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாம் வழி, ஹார்மோன் குறைவது. பிரசவத்தில் ரத்தம் ஏராளமாகப் போன தாய்க்கு இந்தச் சுரப்பி ரத்த ஓட்டமில்லாமல் வாடிப்போவதுண்டு. 1937-இல் இங்கிலாந்து மருத்துவர் ஷீஹன் இதை விளக்கினார். அறிகுறி என்ன? குழந்தைக்குப் பால் சுரக்கவில்லை. விலக்கு திரும்பவில்லை. வருஷக்கணக்கில் அசதி, மயக்கம், குளிர் தாங்காமை. "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று மாமியாரும் அம்மாவும் சொல்லிவிடுவார்கள். அப்படி இருக்காது!

இங்கே ஒரு நுணுக்கம். அசதிக்குத் தைராய்டு பரிசோதனை செய்து, 'டி.எஸ்.எச். நார்மல்' என்று அனுப்பிவிடுவதுண்டு. பிட்யூட்டரியே பழுதாகியிருந்தால் டி.எஸ்.எச். நார்மலாகக் காட்டும், டி-4 மட்டும் குறைந்திருக்கும். ஆகவே இரண்டையும், காலை எட்டு மணி கார்டிசாலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் வழி, அழுத்துவது. கட்டி மேலே வளர்ந்தால் கண் நரம்பைத் தொடும். நேர் பார்வை சரியாக இருக்கும், பக்கப் பார்வை போய்விடும். நிலையில் இடிப்பதும், பக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிள் தெரியாததும் இதனால்தான். கண்ணாடி மாற்றி என்ன பயன்? கண் டாக்டரிடம் பார்வைப் புலப் பரிசோதனை கேளுங்கள். பிள்ளைகள் வயசுக்கேற்ற உயரம் வளராமல், தலைவலியோடு குடம் குடமாகத் தண்ணீர் குடித்துச் சிறுநீர் போனாலும் இந்த இடத்தை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.

திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், இமை தொங்கல் சேர்ந்து வந்தால் கஷாயமும் வேண்டாம், பற்றும் வேண்டாம். கட்டிக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி.

பொட்டலத்தில் வரும் ஆபத்து

முகம் நிலா போல உருண்டு, வயிறு பெருத்து, கைகால் மெலிந்து, வயிற்றில் கருஞ்சிவப்புக் கோடு விழுவது 'குஷிங்' நோயின் அடையாளம். அமெரிக்க அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் இதற்கும் பிட்யூட்டரிக்கும் உள்ள தொடர்பை 1932-இல் எழுதினார். ஆனால் இந்த முகம் வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம் கட்டி அல்ல, வெளியிலிருந்து உடம்புக்குள் போகும் ஸ்டீராய்டு.

ஒரு சித்த மருத்துவனாக இதை நானே சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் 'நாட்டு மருந்து' என்று, பெயரில்லாத, லேபிள் இல்லாத பொட்டலங்கள் விற்கப்படுகின்றன. அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டைக் கலக்கிறார்கள். பத்து நாளில் வலி பறக்கும், பசி எடுக்கும். "கைராசிக்காரர்" என்று ஊரே பேசும். பிறகு முகம் ஊதும், சர்க்கரை ஏறும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வரவர பிட்யூட்டரி 'நமக்கு வேலையில்லை' என்று தூங்கிவிடும். அந்த நேரத்தில் பொட்டலத்தைத் திடீரென்று நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் சரிவு, சில சமயம் உயிருக்கே ஆபத்து. ஆகவே நீங்களாக நிறுத்தாதீர்கள். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார். தயாரிப்பாளர் பெயர், லைசென்ஸ் எண், சேர்ந்துள்ள சரக்குகள் அச்சிடாத மருந்தை வாங்கவே வாங்காதீர்கள்.

மூக்கு வழியே ஆபரேஷன்

"மண்டையைத் திறக்கணுமா டாக்டர்?" இதுதான் எல்லோருக்கும் முதல் பயம். பெரும்பாலும் வேண்டாம். அந்த எலும்பு அகலுக்குக் கீழே காற்றறையும் மூக்கும் இருக்கின்றன என்றேனே, அதுதான் பாதை.

1907-இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் மூக்கு வழியாக முதன்முதலில் பிட்யூட்டரிக் கட்டியை எடுத்தார். குஷிங்கும் இந்த வழியில் ஏராளமாகச் செய்துவிட்டு, பின்னாளில் மண்டையைத் திறக்கும் முறைக்கு மாறினார். உலகமே அவர் பின்னால் போனது. அவரிடம் கற்ற ஸ்காட்லாந்தின் நார்மன் டாட் மட்டும் பழைய வழியை விடவில்லை. அவரிடமிருந்து பிரான்சின் கியோ, கியோவிடமிருந்து கனடாவின் மான்ட்ரியல் நகர ஜூல்ஸ் ஹார்டி என்று குரு சிஷ்யப் பரம்பரையாக அந்த வித்தை பிழைத்தது. 1960-களில் ஹார்டி மைக்ராஸ்கோப் வைத்துச் செய்யத் தொடங்கியதும் பழைய பாதையே ராஜபாட்டை ஆனது. 1990-களில் எண்டோஸ்கோப் வந்தது. இப்போது மூக்கு நிபுணரும் மூளை நிபுணரும் சேர்ந்து நின்று செய்கிறார்கள். வெளியே தழும்பு கிடையாது. ரொம்பப் பெரிதான, பக்கவாட்டில் பரவிய கட்டிகளுக்குத்தான் மண்டை ஓட்டைத் திறக்க நேரிடும்.

நம் தமிழ்நாடு இதில் பின்தங்கியதல்ல. இந்தியாவின் முதல் மூளை அறுவை சிகிச்சைத் துறையே 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில், மான்ட்ரியலில் பயிற்சி பெற்றுத் திரும்பிய டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியதுதான். அடுத்த ஆண்டே சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கியவர் நம் சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி. இந்திய நரம்பியல் சங்கம் 1951-இல் உருவானபோது அதைத் தொடங்கிய நால்வரில் இவர்கள் இருவரும் உண்டு.

யாரிடம் போவது?

"நல்ல சர்ஜன் யாருங்க?" என்று கேட்கிறோம். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள்: "நல்ல குழு எங்கே இருக்கு?" பிட்யூட்டரி சிகிச்சையின் சிறப்பு மையம் எப்படி இருக்க வேண்டும் என்று சர்வதேச பிட்யூட்டரி சங்கம் 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அனுபவமுள்ள மூளை அறுவை நிபுணரும் ஹார்மோன் நிபுணரும் அதன் மையம். கண், மூக்கு, ஸ்கேன், கதிர்வீச்சு, திசுப் பரிசோதனை நிபுணர்கள் துணை. காரணம் எளிது. மாத்திரையா, கத்தியா, காத்திருப்பதா என்று முடிவு செய்ய ஒரு கை போதாது. கட்டியை எடுத்த பிறகு ஹார்மோனைப் பார்க்க ஆள் வேண்டும். இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிற இடத்தில் கை பழகியிருக்கும்.

எங்கள் பக்கத்தவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. ஆகியவை எட்டும் தூரத்தில் உள்ளவை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய், அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே விசாரியுங்கள். போகும்போது ஒரு தாளில், உச்சி முதல் பாதம் வரை உள்ள எல்லா மாற்றங்களையும் எந்த வருஷம் தொடங்கியது என்று எழுதிக்கொண்டு போங்கள். பழைய போட்டோ, சாப்பிடும் எல்லா மருந்து (எங்கள் சூரணமும் சேர்த்துத்தான்!), கண் பரிசோதனைச் சீட்டு கூடவே இருக்கட்டும். பத்து டாக்டரிடம் பத்தாகச் சொன்னதை ஒருவரிடம் ஒன்றாகச் சொன்னால் பாதி நோய் அங்கேயே பிடிபடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

மூக்கு வழி ஆபரேஷன் முடிந்து வந்தவர் சில வாரங்கள் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். குனிந்து கனம் தூக்கக் கூடாது, மலம் கழிக்க முக்கக் கூடாது. கீரையும் பழமும் சாப்பிடுங்கள். தண்ணீர் எவ்வளவு என்பதை மட்டும் டாக்டர் சொன்னபடி. மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால் 'ஜலதோஷம்' என்று நசியமோ, ஆவியோ, தைலமோ வேண்டாம். அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். உடனே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போங்கள். அடங்காத தாகமும் நிறையச் சிறுநீரும், அல்லது ஏழாம் நாள் வாக்கில் குமட்டல், தலைவலி, குழப்பம் வந்தாலும் அப்படியே. பின்னதில் ரத்தத்தில் உப்பு குறைந்திருக்கும்.

"சித்த வைத்தியத்தில் இந்தக் கட்டி கரையாதா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கரைக்கிறேன் என்று சொல்பவரிடம் போகாதீர்கள். கண் நரம்பு அழுந்திக் கிடக்கும்போது இழக்கும் ஒவ்வொரு மாதமும் பார்வையில் கழியும். பசி, மலச்சிக்கல், தூக்கம் இவற்றுக்கு நாங்கள் துணை நிற்கலாம், அதுவும் உங்கள் ஹார்மோன் டாக்டருக்குத் தெரிந்து. இருமலுக்குச் சும்மா வாயில் போட்டு மெல்லும் அதிமதுரம்கூட ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைத்து, ஸ்டீராய்டின் வேலையில் தலையிடும்.

சுரப்பி பழுதாகி, தினமும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர் அதை ஒரு நாளும் விடக் கூடாது. பொட்டல ஸ்டீராய்டு வேறு, இது வேறு. உடம்பு தானே செய்ய வேண்டியதை மாத்திரை ஈடு செய்கிறது. காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். 'இவர் தினமும் ஸ்டீராய்டு எடுப்பவர்' என்று ஒரு சீட்டு எழுதிச் சட்டைப் பையிலோ மணிபர்ஸிலோ வைத்திருங்கள். வழியில் மயங்கி விழுந்தால், பேச முடியாத உங்களுக்காக அந்தச் சீட்டு பேசும்.